தலைப்புக்கு ஓர் எழுத்து, வாசிப்புக்கு ஓர் எழுத்து

சென்ற பருவத்தில் மூன்றாம் வகுப்புக்குச் சொல் அட்டைகள் தயாரித்தேன். கணினியில் இருந்ததிலேயே அழகான எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தேன். நேர்க்கோடுகள் தடித்து, மற்றவை மயிரிழையாய் மெலிந்து, எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. திண்டிவனத்தில் நகல் எடுத்து வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். 'பல்' என்ற அட்டையை ஒரு மாணவி 'பல' என்றே வாசித்தாள். இருமுறை திருத்தினேன். "புள்ளியே இல்லையே டீச்சர்!" என்றாள். அருகில் சென்று பார்த்தேன். நகலில் புள்ளி மறைந்திருந்தது. தவறு அவளுடையதன்று.

எங்கிருந்து வந்தது இந்த அழகு?

சாய்வெழுத்து கையெழுத்திலிருந்து பிறந்தது. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் 1501இல் சாய்வெழுத்தில் முழு நூலையே அச்சிட்டார். அந்த அச்செழுத்தை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. தடிப்புக்கும் மெலிவுக்கும் இடையே பெரும் வேறுபாடு காட்டும் எழுத்துகளை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் பொடோனியும் பிரான்சின் திதோ குடும்பத்தினரும் புகழ்பெறச் செய்தனர்.

நம் எழுத்தின் வழி வேறு. எழுத்தாணி ஓலையில் ஏறக்குறைய ஒரே அகலத்தில்தான் கீறும். ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. மொழியறிந்தவர் இடமறிந்து புள்ளியைச் சேர்த்து வாசித்துக்கொண்டார். எழுத்துக்கூட்டி வாசிக்கும் குழந்தையால் அது இயலாது. மெல்லிய புள்ளி மறையும்போது அந்தச் சுமையைத்தான் குழந்தைமேல் ஏற்றுகிறோம்.

செயல்பாடு

1. ஓர் அங்குலச் சாக்பீஸ் துண்டைக் கரும்பலகையில் கிடைமட்டமாகப் படுக்க வையுங்கள். கீழ்நோக்கி இழுத்தால் பட்டை. பக்கவாட்டில் இழுத்தால் மெல்லிய கோடு.

2. துண்டைத் திருப்பாமல் 'ப' எழுதுங்கள். கடைசி வரிசை மாணவரிடம் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். அடிக்கோடு மங்கி, இரண்டு தூண்கள் மட்டும் நிற்கும்.

3. அருகிலேயே வழக்கம்போல் ஒரே தடிமனில் 'ப' எழுதி ஒப்பிடச் சொல்லுங்கள்.

4. விழுப்புரம்–திண்டிவனம் சாலையில் பார்த்த பலகைகளைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். ஊர்ப்பெயர்ப் பலகையில் கோடுகள் ஏன் ஒரே தடிமனாக உள்ளன? திருமண மண்டபப் பலகையில் ஏன் அப்படி இல்லை?

நாம் செய்யக்கூடியது

அழகிய சாய்வெழுத்தை ஒதுக்க வேண்டியதில்லை. ஆண்டுவிழா அழைப்பிதழ், கையெழுத்து இதழின் அட்டை, பாராட்டுச் சான்றிதழ் ஆகியவற்றில் இரண்டு மூன்று சொற்களுக்குப் பெரிய அளவில் அது பொருந்தும். வினாத்தாள், சொல் அட்டை, வாசிப்புப் பகுதி ஆகியவற்றுக்கு நிமிர்ந்த, ஒரே தடிமனான எழுத்தே ஏற்றது. சுவரில் ஒட்டுமுன் ஒருமுறை நகலெடுத்துக் கடைசி வரிசையில் அமர்ந்து பாருங்கள். புள்ளி தெரிகிறதா? எ–ஏ, ஒ–ஓ வேறுபாடு தெரிகிறதா? ண–ன சுழிகளை எண்ண முடிகிறதா?

நான் அட்டைகளை மாற்றினேன். அந்த மாணவி 'பல்' என்று முதல் முறையிலேயே வாசித்தாள்.