விடுதிச் சமையற்கூடக் கழிவிலிருந்து மக்கு எரு

திருப்பூர் மாவட்டத்தில் கல்லூரி விடுதிக் கழிவை எருவாக்கிப் பயன்பெற உழவர்களுக்கு நல்ல வாய்ப்பு உள்ளது. 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நிறுவனங்கள் ஈரக்கழிவைத் தம் வளாகத்திலேயே இயன்றவரை மக்கச் செய்யவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பணித்தன. இந்த எருவை வாங்கும் உழவரும், கழிவைப் பெற்றுத் தாமே மக்கவைக்கும் உழவரும் ஒன்றை முதலில் கவனித்தல் வேண்டும். அதுவே உப்பு.

உப்பு ஏன் கேடு?

மக்கும்போது கழிவின் எடை பாதிக்கு மேல் குறையும். சோற்றிலும் குழம்பிலும் உள்ள உப்போ குறையாது, எருவில் செறிந்து நிற்கும். நொய்யல் கரை நிலங்கள் சாயக்கழிவு நீரால் உப்பேறிய துயரத்தை நாம் அறிவோம். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. அத்தகைய மண்ணில் எரு வழியாகவும் உப்பைச் சேர்த்தல் ஆகாது.

தரம் பிரித்தல்

1. காய்கறித் தோல், கீரைத்தண்டு, வாழையிலை ஆகியவற்றைத் தனியே பெறவும்.
2. குழம்பு, ரசம், ஊறுகாயைத் தவிர்க்கவும். மிஞ்சிய சோற்றை வடித்து, ஈரக்கழிவில் கால் பங்குக்கு மிகாமல் சேர்க்கவும்.
3. சாயமிட்ட பனியன் துணி, எலாஸ்டிக், சாயப்பட்டறைக் கசடு ஆகியவற்றை அறவே சேர்க்கலாகாது.

குவியல் அமைத்தல்

நிழலான மேட்டிடத்தில் 5 அடி அகலத்தில் தென்னை ஓலை பரப்பவும். அதன்மேல் 4 அங்குலம் ஈரக்கழிவும், 8 அங்குலம் சருகு அல்லது நறுக்கிய சோளத்தட்டும் மாறிமாறி இட்டு, ஒவ்வோர் அடுக்கிலும் சாணிக்கரைசல் தெளித்து, 4 அடி உயரம் எழுப்பவும். ஈரக்கழிவில் தழைச்சத்தும் சருகில் கரிமச்சத்தும் மிகுதி. இரண்டும் சேர்ந்தால்தான் நுண்ணுயிர்கள் செழிக்கும்.

கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வரும் அளவு ஈரம் போதுமானது. சில நாட்களில் வெப்பம் 55 டிகிரி செல்சியசைத் தாண்டும். நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெரும்பாலும் மடியும். துர்நாற்றம் வீசினால் காற்று போதவில்லை என்று பொருள். கிளறிச் சருகு சேர்க்கவும். 15 நாட்களுக்கு ஒருமுறை புரட்டினால் சுமார் 90 நாட்களில் எரு கறுத்து, மண்வாசனையுடன் பொலபொலப்பாகும்.

வயலில் இடுமுன்

எருவின் மாதிரியைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின்கடத்து திறனை அறியவும். நகரக் கழிவு எருவுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை விதித்த உச்சவரம்பு மீட்டருக்கு 4 டெசிசைமன். அதற்கு மேற்பட்டால் வாங்க வேண்டாம். தரமான எருவை ஏக்கருக்கு 5 டன் வீதம் கடைசி உழவில் இடலாம். கிணற்று நீர் உப்பாக உள்ளவர்கள் முதலாண்டு சிறு பாத்தியில் இட்டுப் பார்த்தல் நன்று.

எரு இலவசமாகக் கிடைக்கலாம். கெட்ட மண்ணைத் திருத்துவதற்கோ பல ஆண்டுகள் செல்லும்.