ஸ்டூடியோ கைமாறினால் கதாபாத்திரம் யாருக்கு?

மாணவர்களே, ஒரு கன்சோல் நிறுவனம் விளையாட்டு ஸ்டூடியோவை வாங்கினால் எதைப் பெறுகிறது?

2002இல் மைக்ரோசாப்ட், பிரிட்டனின் ரேர் ஸ்டூடியோவை 375 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதுவரை அதன் 49 விழுக்காட்டுப் பங்கு நிண்டெண்டோவிடம் இருந்தது. ரேர் படைத்த பாஞ்சோ கரடி மைக்ரோசாப்ட்டுக்குச் சென்றது. ‘டாங்கி காங் கண்ட்ரி’யை உருவாக்கியதும் ரேர்தான், ஆனால், டாங்கி காங் குரங்கு நிண்டெண்டோவிடமே இருந்துவிட்டது. நிரல் எழுதுவது வேறு, கதாபாத்திர உரிமை வேறு!

நிரலும் அப்படியே இடம்மாறாது. நிண்டெண்டோவின் கேம்கியூபில் இருந்தது பவர்பிசி செயலி. எக்ஸ்பாக்ஸில் இன்டெல் செயலி. ஒன்றின் கட்டளைகள் மற்றதற்குப் புரியாது. ஆகவே, நிரலைப் புதிய செயலிக்கேற்ப மாற்றியமைக்க வேண்டும்.

சிந்திப்போம்: 2014இல் மைன்கிராஃப்டை வாங்கிய மைக்ரோசாப்ட், போட்டியாளரான பிளேஸ்டேஷனிலும் அதைத் தொடர்ந்து விற்பது ஏன்?