புரவலர், அன்சார், தேற்றுவோர்



நம் சங்க அழைப்பிதழ்களில் புரவலர், ஆதரவாளர், ஊக்கமளிப்போர் என்னும் சொற்களை ஒரே பொருளில் வழங்கி வருகின்றோம். உற்று நோக்கின், ஆதரிப்போர் யாவரும் ஒரே வகையினர் அல்லர் என்பது விளங்கும்.

‘புரத்தல்’ என்றால் காத்தல். பொருளீந்து காப்பவர் புரவலர். மலாய் மொழியில் இவரைப் ‘பெனாவுங்’ என்பர்; நிழல் தருபவர் என்பது அதன் கருத்து. கீழக்கரை வள்ளல் சீதக்காதி அத்தகைய நிழலாக விளங்கினார். அவருடைய தூண்டுதலால் உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட முற்பட்டார். வள்ளல் மறைந்த பின்னர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் புலவரைப் புரந்தார். அவர் பெயரைக் காவியத்தினுள்ளேயே புலவர் நன்றியுடன் பதித்துள்ளார்.

‘அன்சார்’ என்னும் அரபுச் சொல், உதவி என்று பொருள்படும் ‘நஸ்ர்’ என்பதன் அடியாகப் பிறந்தது. கி.பி. 622-ல் ஹிஜ்ரத் நிகழ்ந்தபோது, மக்காவைத் துறந்து வந்தோரை உடன்பிறந்தாராக ஏற்ற மதீனாவாசிகளே அன்சாரிகள். அவருள் ஒருவரான ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள், தம் செல்வத்தில் பாதியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அவர்களுக்கு அளிக்க முன்வந்தார்கள். அவர்களோ ஸஅது அவர்களை வாழ்த்திவிட்டு, கடைத்தெருவுக்கு வழி காட்டினால் போதும் என்றார்கள். பங்களிப்பதும் உதவி, பிழைக்க வழி காட்டுவதும் உதவி.

மூன்றாம் வகையினர் தேற்றுவோர். ஹிராக் குகையிலிருந்து நடுக்கத்துடன் இல்லம் திரும்பிய நாயகம் (ஸல்) அவர்களுக்கு அன்னை கதீஜா (ரலி) அவர்கள் போர்வை போர்த்தினார்கள். உறவைப் பேணுவதையும், எளியோர் சுமையைத் தாங்குவதையும், விருந்தினரை உபசரிப்பதையும் எடுத்துரைத்து, இத்தகையவரை இறைவன் கைவிடமாட்டான் என்று தேற்றினார்கள். அது வெறும் புகழுரையன்று. உள்ள நற்குணங்களை உரிய வேளையில் நினைவூட்டியதாகும். ஊக்கமளிப்பதன் இலக்கணம் இதுவே.

நம் ஆண்டறிக்கையில் புரவலர் பெயர்களை முதற்பக்கத்தில் அச்சிடுகின்றோம். அது முறையே. ஆனால் ரமலான் முழுவதும் நோன்புக் கஞ்சி காய்ச்சி வழங்கியவர் எந்தப் பக்கத்தில் இருக்கின்றார்? தேர்வில் தவறிய மாணவனை வீடு தேடிச் சென்று தேற்றி, மீண்டும் எழுதச் செய்தவரை எச்சொல்லால் அழைத்தோம்? பெயரின்றி விட்டுவிட்டோம். குறை நம்முடையதே.

வரும் ஆண்டுக் கூட்டத்தின் நன்றியுரையிலாவது அவரவர்க்குரிய சொல்லை அவரவர்க்கு வழங்குவோமாக! கொடுக்கப் பொருளில்லாதவரும், தமக்கும் இதில் ஓர் இடமுண்டு என்று உணர்வாராக! அல்லாஹ் நம்மனைவரையும் பிறர்க்கு உதவுவோராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.