ஆபரேஷன் முடிந்தால் போதுமா? எழுந்து நடக்க வேண்டாமா?



இந்த மாதப் பாடம் நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றியது. கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வந்தவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரிந்துகொள்வோம்.

நெடுங்காடு பகுதியில் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "டாக்டர் கம்பி வச்சுட்டாரு. இனிமே அத்தையை அசைய விடாம பார்த்துக்கிறோம்." பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அசைய விடாமல் வைப்பதுதான் ஆபத்து.

படுத்தே இருந்தால் என்ன ஆகும்?

நெஞ்சில் சளி கட்டும். முதுகில் படுக்கைப்புண் வரும். காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. சதை கரைந்து காலில் பலம் போகும். எலும்பு ஒட்டினாலும் ஆள் எழுந்திருக்க முடியாது.

அதனால்தான் பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுப்பி நிறுத்துகிறார்கள். தெலங்கானா முன்னாள் முதல்வர் சந்திரசேகர ராவ் 2023 டிசம்பரில் வீட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்கு மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைத்தார்கள். முதல்வராக இருந்தவருக்கு ஒரு வைத்தியம், நம் அப்பாயிக்கு வேறு வைத்தியம் இல்லை.

"வயசாச்சு, இனி நடந்து என்ன ஆகப்போகுது?" என்பார்கள். இங்கிலாந்து ராணியின் தாயார் 1998-ல் 97 வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்துகொண்டார். அதன் பிறகும் நாலு வருடம் வாழ்ந்து 101 வயதில்தான் காலமானார். வயது மட்டும் காரணம் ஆகாது.

மருத்துவமனையை விட்டு வரும் முன் கேளுங்கள்

காரைக்கால், திருவாரூர், புதுச்சேரி என்று எங்கே ஆபரேஷன் நடந்தாலும் இந்த நாலு கேள்விக்குப் பதில் வாங்காமல் வராதீர்கள்.

1. கம்பி, பிளேட் வைத்தீர்களா, பந்து மாற்றினீர்களா?
2. அந்தக் காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம்?
3. தரையில் உட்காரலாமா? எத்தனை வாரம் கூடாது?
4. பிசியோதெரபியை எங்கே தொடர்வது?

பந்து மாற்றியவர்கள் டாக்டர் சொல்லும்வரை குந்தி உட்காரக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, தாழ்வான முக்காலியில் உட்காரக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

நடை: முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் செய்த கால், பிறகு நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். ஆரம்பத்தில் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். ஒரே தடவையாக ரொம்ப தூரம் நடப்பதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை நடப்பது நல்லது.

படுக்கையில்: பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, மூச்சை ஆழமாக இழுத்து விடுவது. விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை செய்யட்டும்.

வலி: வலித்தால் நடக்க மாட்டார்கள். எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள்.

சாப்பாடு: புண் சீழ் பிடிக்கும் என்று மீன், முட்டை, பருப்பை நிறுத்திப் பத்தியம் போடாதீர்கள். புண் ஆறவும் சதை பிடிக்கவும் அதுதான் வேண்டும். சர்க்கரை, கிட்னி நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடட்டும். கொல்லைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்களா, கவனியுங்கள்.

வீடு: கமோடு நாற்காலி, ராத்திரி விளக்கு இரண்டும் அவசியம். வழுக்கும் பாயைச் சுருட்டி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொல்லைப்புறம் பாசி பிடிக்கும், தேய்த்துக் கழுவுங்கள். ஒரு தடவை விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம். கண் பரிசோதனை, எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து, இரண்டையும் டாக்டரிடம் கேளுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது?

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, கெண்டைக்கால் வீக்கம், புண்ணில் நீர் அல்லது சீழ், காய்ச்சல், திடீரென்று தாங்க முடியாத வலி, நல்லா பேசிக்கொண்டிருந்தவர் பினாத்துவது. இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். எண்ணெய் தடவி உருவி விடுவதும் நாட்டுக் கட்டு போடுவதும் வேண்டாம்.

செலவுக்கு வழி

70 வயது நிறைந்த எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் வருடத்துக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெற 2024 அக்டோபரில் வழி செய்தார்கள். ஆதாரைக் கொண்டு அட்டை எடுக்கலாம். விழுந்த பிறகு அலைவதைவிட இப்போதே எடுத்து வையுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

பெரியவரைப் பார்க்கும் பாரம் பெரும்பாலும் மருமகள் தலையில்தான் விழுகிறது. வேலைக்குப் போக முடியாமல், தூக்கம் இல்லாமல், அவளும் படுத்துவிட்டால் அந்த வீடு என்ன ஆகும்? மகனும் பேரனும் கைபிடித்து நடக்க வைக்கலாமே! குழுவில் ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்தால், அவள் குளித்து ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிடுவாள். பொது நிதியில் ஒரு வாக்கர், ஒரு கமோடு நாற்காலி வாங்கி வைத்தால் வீடு வீடாகப் பயன்படும்.

கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள்

1. நம் குழு வீடுகளில் 70 வயது தாண்டியவர் எத்தனை பேர்? எத்தனை பேரிடம் அட்டை இருக்கிறது?
2. யார் வீட்டில் வழுக்கும் இடம் இருக்கிறது? எப்போது சரி செய்யப் போகிறோம்?
3. வாக்கர் வாங்கினால் யார் பொறுப்பில் வைப்பது?

எடுத்த முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.