குலசாமி கும்பிடப் போகும் முட்டி

மாசி பிறந்ததும், முட்டியில் அடிபட்டு என்னிடம் வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போகணும் சார், வேன் பேசியாச்சு. முட்டி தாங்குமா?" ஜவ்வு கிழிந்து ஆறேழு வாரம் ஆகியிருக்கும். காலை ஊன்றி நடக்கலாம் என்று உங்கள் மருத்துவர் சொல்லியிருந்தால் போய் வாருங்கள். இல்லையென்றால் விபூதி வீடு தேடி வரட்டும்.

பலருக்குக் குலசாமி அருப்புக்கோட்டைப் பக்கம்தான். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை 50 கிலோமீட்டர்கூட இருக்காது, நல்ல நான்குவழிச் சாலை. அந்தத் தூரம் முட்டியை ஒன்றும் செய்யாது. சிக்கல் வேன் படியிலும், தார்ச்சாலை முடிந்த பிறகு வரும் கரிசல் காட்டிலும்தான்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். கைத்தடி நல்ல கால் பக்கத்துக் கையில். அடிபட்ட பக்கம்தான் ஊன்ற வேண்டும் என்று வீட்டிலுள்ளோர் அடித்துச் சொல்வார்கள், கேட்காதீர்கள். வேனில் காலை நீட்ட இடமுள்ள இருக்கையை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். மரியாதைக்காகப் பெரியப்பாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் முட்டியை மடக்கி உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வண்டி ஓடும்போது கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே வாருங்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் மணிக்கொரு தரம் வண்டியை நிறுத்தி நாலு எட்டு நடக்க வேண்டும்.

கரிசலில் கோடை தொடங்கும்போதே வெடிப்பு விழ ஆரம்பித்துவிடும். தடியின் நுனி அதில் மாட்டிக்கொள்ளும். பழைய ரப்பர் புஷ்ஷைக் கழற்றிவிட்டு அகலமானதாகப் போட்டுக்கொள்ளுங்கள். செருப்பை வேனிலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டாம், கோயில் எல்லை வரை காலில் கிடக்கட்டும். சீமைக் கருவேல முள் குத்தினால் காலை வெடுக்கென்று இழுப்போம். குத்திய இடம் இரண்டு நாளில் ஆறிவிடும். ஆறிக்கொண்டிருக்கும் ஜவ்வு அந்த ஒரு இழுப்பைத் தாங்காது.

யாரும் வாய்விட்டுக் கேட்காத சங்கதி ஒன்று உண்டு. கண்மாய்க் கரைக் கோயிலில் கழிப்பறை ஏது? குத்துக்காலிட்டு உட்கார இந்த முட்டியால் முடியாது. அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள், பெண்கள் முக்கியமாக. வெயிலில் அது ஆபத்து. நடுவில் வட்டமாக வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, சுற்றிக் கட்ட இரண்டு பழைய சேலை. வேன் மேலே போட்டுக்கொண்டு போங்கள். சாப்பாட்டுக்கும் சாமி கும்பிடவும் இன்னொரு நாற்காலி. சம்மணமும் வேண்டாம், விழுந்து கும்பிடவும் வேண்டாம். குலசாமி நம் வீட்டு ஆள்தானே, கோபித்துக்கொள்ளாது.

திரும்பும் வழியில் திருச்சுழி திருமேனிநாதர் கோயிலையும், 1879-இல் ரமணர் பிறந்த வீட்டையும் பார்க்க ஆசை வரும். பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் அன்றைக்கு ஒன்று போதும்.

வீட்டுக்கு வந்ததும் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். எண்ணெய் போட்டு உருவ யாரையும் விடாதீர்கள். மறுநாள் காலையில் முட்டி முந்தைய நாளைவிட வீங்கியிருந்தால் அலைச்சல் அதிகம் என்று அர்த்தம், இரண்டு நாள் ஓய்வு. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூச்சும் வாங்கினால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.