ஓடும் முன் எந்த வார்ம்-அப்?

இன்று எவ்வளவு தூரம் என்று பார்த்து வார்ம்-அப் செய்பவர்கள்தான் அதிகம். பார்க்க வேண்டியது வேகத்தை. முதல் நிமிடத்திலேயே வேகமெடுக்கப் போகிறீர்கள் என்றால் நிறைய வார்ம்-அப் வேண்டும். மெதுவாகத் தொடங்கும் நெடுந்தூர ஓட்டத்துக்குக் கொஞ்சம் போதும்.

கையில் உள்ள வழிகள்

மெதுவோட்டம்: வேக நடையில் தொடங்கி 5 முதல் 10 நிமிடம். தசைகள் சூடேறும், அவற்றுக்கு இரத்த ஓட்டம் கூடும். லேசாக வியர்க்க வேண்டும். ஆனால் பேச்சு தடைபடக் கூடாது.

அசைந்தபடி செய்பவை: கால் வீசுதல், நடந்தபடி லஞ்ச் (ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கி இறங்குவது), முழங்காலை உயர்த்துதல், குதிகாலால் பின்புறம் தொடுதல். ஒவ்வொன்றும் பக்கத்துக்குப் 10 முறை. இடுப்பும் கணுக்காலும் இளகும். மெதுவோட்டத்துக்குப் பின் செய்தால் பலன் கூடும்.

ஸ்ட்ரைட்ஸ்: 80 முதல் 100 மீட்டர் வரை படிப்படியாக வேகம் கூட்டி ஓடி, நடந்தே திரும்புவது. நான்கு முறை போதும். போட்டி வேகத்தைக் கால்களுக்கு நினைவூட்டும்.

நின்று இழுக்கும் ஸ்ட்ரெட்ச்சிங்: பழைய பழக்கம், ஆனால் பலன் குறைவு. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரிடம் செய்து 2000இல் வெளியான ஆய்வில், பயிற்சிக்கு முன் செய்த ஸ்ட்ரெட்ச்சிங் காயங்களைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அதன் விசையும் சற்றுக் குறையும். கெண்டைக்கால் இறுகியிருந்தால், உடல் சூடான பின் 20 விநாடி இழுப்பதில் தவறில்லை. மற்றதை ஓட்டம் முடிந்த பின் வைத்துக்கொள்ளலாம்.

எந்த ஓட்டத்துக்கு எது?

அன்றாட எளிய ஓட்டம்: தனி வார்ம்-அப் தேவையில்லை. சில நிமிட நடை, பிறகு முதல் கிலோமீட்டர் நிதானமாக. நாள் முழுதும் நாற்காலியில் இருந்துவிட்டு மாலையில் ஓடுபவர்கள் கால் வீச்சையும் லஞ்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்டர்வெல் (வேக ஓட்டமும் ஓய்வும் மாறி மாறி வரும் பயிற்சி), 5 கி.மீ. போட்டி: மெதுவோட்டம், அசைவுப் பயிற்சி, ஸ்ட்ரைட்ஸ் மூன்றும் இதே வரிசையில், மொத்தம் 20 நிமிடம் அளவில். தொடக்கக் கோட்டில் வெகுநேரம் நின்றால் ஏறிய சூடு இறங்கிவிடும். ஆகவே புறப்படும் நேரத்தை ஒட்டி முடியுங்கள்.

மாரத்தான்: நடையும் சில அசைவுகளும் போதும். 42 கி.மீ.க்குத் தேவையான சக்தியை முன்கூட்டியே செலவழிக்க வேண்டாம்.

வெயிலும் புழுக்கமும்: வார்ம்-அப் நேரத்தைப் பாதியாக்கி நிழலில் செய்யுங்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தான் கடும் வெப்பத்தில், மாலையில் தொடங்கியது. அதில் வெண்கலம் வென்ற அமெரிக்க வீராங்கனை டீனா காஸ்டர், ஓட்டத்துக்கு முன் ஐஸ் வைத்த மேற்சட்டை அணிந்து உடலைக் குளிர வைத்துக்கொண்டார். தசைக்குச் சூடு வேண்டும். உடல் முழுதும் கொதிக்கக் கூடாது.

வார்ம்-அப் செய்யச் செய்ய வலி கூடினால் அன்று ஓட வேண்டாம். நேரம் 5 நிமிடம்தான் இருக்கிறது என்றால், குனிந்து கால்விரலைத் தொடுவதை விட்டுவிட்டு, அந்த ஐந்தையும் நடைக்கும் மெதுவோட்டத்துக்கும் கொடுங்கள்.