‘ஜி’யும் ‘எச்’சும்: இடமறிந்து ஒலித்தல்



தமிழ்வழியில் பயின்ற மாணவர் சிலர் ஆண்டுதோறும் நம் சங்கத்துக்குப் புதிதாக வந்து சேருகின்றனர். கணக்கில் புலிகள், ஆய்வுக்கூடத்தில் கைதேர்ந்தவர்கள். ஆனால் கருத்தரங்கில் எழுந்து பேசச் சொன்னால் வாய் திறப்பதில்லை. அலைகளைப் பற்றிப் பேசவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முகட்டுக்கு ‘க்ரெஸ்ட்’ என்னும் சொல் எளிதாக வந்துவிடுகிறது. அகட்டுக்குரிய சொல் வரும்போது நா தயங்குகிறது. ‘ட்ரோ’வா, ‘ட்ரூ’வா, ‘ட்ரௌ’வா? பக்கத்திலிருப்பவன் சிரித்துவிடுவானோ என்ற அச்சம் வேறு. பௌதிகம் அறிந்தவன், ‘ஜி’, ‘எச்’ என்னும் இரண்டு எழுத்துக்களுக்கு அஞ்சி வாயடைத்து நிற்பதா? (அச்சொல் ‘ட்ராஃப்’. அலையின் அகடும் அதுதான்; மாடு நீர் குடிக்கும் தொட்டியும் அதுதான்.)

இவ்விரு எழுத்துக்களும் சேர்ந்து வரும் சொற்களில் சிலவற்றை இங்கே ஆராய்வோம். ஆங்கில ஒலியைத் தமிழெழுத்தில் ஏறக்குறையத்தான் காட்ட முடியும். அகராதியோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த வேடிக்கையைப் பாருங்கள். ‘டஃப்’ என்றால் உறுதியானது. அதன் முதலெழுத்துக்குப் பின் ஓர் ‘எச்’ சேருங்கள். ‘தோ’ ஆகிவிடும், பொருள் ‘ஆயினும்’. அந்த ‘எச்’சுக்குப் பின் ஓர் ‘ஆர்’ சேர்த்தால் ‘த்ரூ’, அதாவது ‘ஊடாக’. அந்த ‘ஆர்’க்கு முன் ஓர் ‘ஓ’ நுழைத்தால் ‘தரா’, ‘முழுமையான’. ‘தோ’வின் கடைசியில் ஒரு ‘டி’ வைத்தால் ‘தாட்’, ‘எண்ணம்’. ஓரெழுத்து மாற, ஒலி ஐந்து விதமாகத் தாவுகிறது!

இது யார் செய்த குறும்பு? யாரும் வேண்டுமென்று செய்ததன்று. பழைய ஆங்கிலத்தில் தொண்டையை உராய்ந்து வரும் ஓர் ஒலி இருந்தது. நம் விடுதியில் உருது பேசும் நண்பர் ‘கபர்’ என்று செய்தியைச் சொல்லும்போது முதலெழுத்தில் கேட்கிறதே, ஏறக்குறைய அதுதான். பின்வந்த எழுத்தர்கள் அதனை ‘ஜி-எச்’ என்று எழுதினர். காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்து உறைந்தது. பேச்சோ ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஒலி பெரும்பாலான சொற்களில் மறைந்தது. சிலவற்றில் ‘ஃப்’ ஆயிற்று. எழுத்து மட்டும் எஞ்சி நிற்கிறது.

இரசாயனத்துக்காக ஜெர்மன் கற்கும் நண்பர்கள் இதற்குச் சான்று காணலாம். இரவுக்கு அவர்கள் ‘நாஹ்ட்’ என்பர்; ஆங்கிலேயர் ‘நைட்’ என்பர். மகள் அங்கே ‘டோஹ்டர்’, இங்கே ‘டாட்டர்’. வடமொழியின் ‘நக்தம்’, ‘துஹிதா’ என்பனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. எட்டு என்பதற்கு ஆங்கிலத்தில் ‘எயிட்’ என்று கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள்! அது ‘அஷ்ட’த்தின் உறவு. நம் எட்டுக்கு வேர் எண். எண்பது, எண்ணூறு என்பவற்றைப் பாருங்கள்.

சரி, எப்படி ஒலிப்பது? நமக்கு இது புதிய வித்தையன்று. ‘க’ என்னும் ஒரே எழுத்தைக் கடலில் ஒருவிதமாகவும், அகத்தில் ஒருவிதமாகவும், தங்கத்தில் இன்னொருவிதமாகவும் ஒலிக்கிறோம். யாராவது நம்மைக் கேட்டார்களா? இடம் பார்த்து நா தானே திரும்புகிறது. இங்கும் இடத்தைப் பாருங்கள். சொல்லின் முதலில் வந்தால் ‘க்’ (தங்கத்தில் வரும் மெல்லிய ஒலி): ஆவியைக் குறிக்கும் ‘கோஸ்ட்’ அத்தகையது. உயிரெழுத்துக்குப் பின் வந்தால் மௌனம்: உயரம் ‘ஹை’, ஒளி ‘லைட்’, பிசைந்த மாவு ‘டோ’, மரக்கொம்பு ‘பௌ’, ஏர் ‘ப்ளௌ’. ‘ஸ்பகெட்டி’ போன்ற அயற்சொற்களும் கூட்டுச்சொற்களும் விலக்கு.

‘ஃப்’ என்று ஒலிப்பவற்றுள் நாளும் வழங்குபவை ஏழுதான், மனப்பாடம் செய்துவிடுங்கள். கரடுமுரடு ‘ரஃப்’, உறுதி ‘டஃப்’, போதும் ‘இனஃப்’, இருமல் ‘காஃப்’, அகடு ‘ட்ராஃப்’, சிரிப்பு ‘லாஃப்’, கதவிடுக்கில் நுழையும் குளிர்காற்று ‘ட்ராஃப்ட்’. கடைசிச் சொல்லின் பொருளை வடநாட்டு ஜனவரி நமக்குச் சொல்லிக் கொடுத்துவிடும்.

இவ்விதி மெய்யொலிக்குத்தான். முன்னிற்கும் உயிரொலியைச் சொல் சொல்லாகவே கற்கவேண்டும். ஆயினும் ‘ஓ-யு’வுக்குப் பின் ‘ஜி-எச்-டி’ என்று முடிந்தால் பெரும்பாலும் ‘ஆட்’ என்றே சொல்லிவிடலாம்: வாங்கினான் ‘பாட்’, கொண்டுவந்தான் ‘ப்ராட்’, போரிட்டான் ‘ஃபாட்’. வறட்சியைக் குறிக்கும் ‘ட்ரௌட்’ மட்டும் அடங்காப்பிள்ளை. இன்னொன்று: கொலையைக் குறிக்கும் ‘ஸ்லாட்டர்’ என்பதில் முதலெழுத்தை நீக்கினால் சிரிப்பாகிய ‘லாஃப்டர்’ வந்துவிடும். எழுத்துக்கூட்டலில் கவனம் தேவை!

ஆங்கில எழுத்துமுறையைக் கேலி செய்வோர், ‘ஜி-எச்-ஓ-டி-ஐ’ என்று எழுதி ‘ஃபிஷ்’ என்று படிக்கலாம் என்பர். ‘இனஃப்’பின் ‘ஃப்’, ‘விமென்’ என்பதிலுள்ள ‘இ’, ‘நேஷ’னின் ‘ஷ்’ மூன்றையும் கூட்டியதாம். பெர்னார்டு ஷா சொன்னது என்று பலர் கருதினாலும், அவர் பிறப்பதற்கு ஓராண்டு முன்பே, 1855-இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் இது காணப்படுகிறது. நகைச்சுவை நன்று; ஆனால் பொருந்தவில்லை. சொல்லின் முதலில் ‘ஜி-எச்’ எங்கே ‘ஃப்’ ஆகிறது? ‘டி-ஐ’ சொல்லின் இறுதியில் எங்கே ‘ஷ்’ ஆகிறது?

சில சொற்களில் இவ்வெழுத்துக்கள் வெறும் போலிதான். மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘டிலைட்’ பிரெஞ்சு வழி வந்தது. அதில் அந்தத் தொண்டை ஒலி என்றுமே இருந்ததில்லை. ‘லைட்’டைப் பார்த்து யாரோ சேர்த்துவிட்டனர். விக்கலைக் குறிக்கும் ‘ஹிக்கப்’ என்பதற்கும் இருமலுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் இருமலின் எழுத்துக்களைக் கொண்டு அதனை எழுதுவோர் உண்டு. அப்படி எழுதினாலும் ‘ஹிக்கப்’ என்றே படிக்கவேண்டும்.

கங்கைப் படித்துறைகளில் ஆங்கிலப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். ‘காட்’, ‘கீ’ (நெய்) முதலிய இந்தியச் சொற்களில் உள்ள ‘ஜி-எச்’ வேறு கதை. அது மூச்சு சேர்ந்த நான்காவது ககரம். ஆங்கிலேயர் மூச்சை விட்டுவிட்டு ஒலிக்கின்றனர், நாமும் அப்படியே. வடநாட்டு நண்பர்கள் திருத்தினால் அவர்கள் சொல்வதுதான் சரி, கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.